அம்மா சுட்டவ

1

போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா அழைத்திருந்தார். சுகம் விசாரித்து, ஊர்ப் புதினம் சொல்லி, தேங்காய் விற்கும் விலைக்கு ஒரு பெருமூச்சும் விட்டு முடித்தபின் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"உண்மையைச் சொல்லு. நீ அங்கை பிள்ளையளைப் பறிச்சுக்கொண்டு போற ஆக்களோடையோ வேலை செய்யிறாய்?"

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் என்னைக் கண்ட யாரோ ஒருவர் ஊருக்குப் போன இடத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. பாரிஸில் வந்திறங்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் பிரெஞ்சில் வணக்கம் சொல்லப் பழகுமுன் கேள்விப்படும் செய்தி இதுதான்: கவனமாக இருங்கோ, இஞ்சை பிள்ளையளைக் கவுண்மேந்து கொண்டுபோயிடும். நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன். என் மகள் மதுரா குழந்தையாக இருந்தபோது அவள் வீறிட்டு அழுதால் ஓடிப்போய் யன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

இந்த வேலையில் சேர்ந்து ஒரு வருடம் நிறைகிற நேரத்தில் அக்காவின் கேள்வி வந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகப் பணி ஆய்வுக் குழுவில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன், பிள்ளைகளைப் பிரிப்பது எங்கள் வேலையல்ல, பிரிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்பதுதான் வேலை என்று நெடுநேரம் விளங்கப்படுத்தினேன். அக்கா "ஓம், ஓம்" என்றார். நம்பிய மாதிரித் தெரியவில்லை.

இந்த ஆய்வில் நான் சந்தித்த சசியின் கதையைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சொல்ல அப்போது எனக்கு அனுமதி இருக்கவில்லை. பிறகு சசியிடமே கேட்டேன்.

"எழுதுங்கோ அக்கா. பேரை மட்டும் மாத்திப் போடுங்கோ" என்றாள்.

மாற்றியிருக்கிறேன்.

2

ஆய்வை நடத்துபவர் மரியான். பல்கலைக்கழகத்துக்கு வருமுன் பல வருடங்கள் சமூகப் பணியாளராக வீடு வீடாகப் போனவர். நெடிய பெண், எங்கே உட்கார்ந்தாலும் முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறுவார். அவர் கண்டறிய விரும்பிய விடயம் எளிமையானது. வறுமையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு பணியாளர் போய், தாயின் கதையைக் கேட்டு, பிள்ளையோடு விளையாடி, கடிதங்களை வாசித்துச் சொல்லி உதவினால், அந்தப் பிள்ளை வீட்டிலேயே நல்லபடி வளருமா?

"வளரும்தானே. இதைக் கண்டுபிடிக்க ஓர் ஆய்வு வேண்டுமா?" என்று வேலைக்குச் சேர்ந்த நாளில் கேட்டேன்.

மரியான் சிரிக்கவில்லை. "நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லோரும் நல்லதென்று நம்பிச் செய்த வேலைகள் சில, பிள்ளைகளுக்கு ஒரு பயனும் தராமற் போனதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். நல்ல மனம் போதாது. ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்."

அதனால், சம்மதித்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கிழமைதோறும் பணியாளர் வருவார். மற்றப் பாதிக்கு எல்லோருக்கும் கிடைக்கும் வழமையான உதவி மட்டும். இரண்டு பாதியினரிடமும் நானும் மரியானும் இடையிடையே போய் ஒரே கேள்விகளைக் கேட்போம். எங்கள் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சப்பேர்தான். ஆனாலும் அவர்களை விட்டுவிட்டால், மொழி தெரியாத ஏழைகள் எந்த ஆய்விலும் இல்லாமற் போய்விடுவார்கள் என்று மரியான் பிடிவாதமாக இருந்தார்.

கேள்விகளைத் தமிழாக்கும் வேலை என்னுடையது. பிரெஞ்சில் ஒரு சொல் வந்தது. அதற்கு அகராதி 'அசட்டை' என்கிறது, 'கவனிப்பின்மை' என்கிறது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அல்லாடினேன். பிள்ளைக்குக் கொடுக்க மனமில்லாமல் விடுகிறவளும் இருக்கிறாள். கொடுக்க வழியில்லாமல் தவிக்கிறவளும் இருக்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரித்தான் மெலிந்திருக்கும். இதை மரியானிடம் சொன்னபோது, "அதைப் பிரித்தறியத்தான் இவ்வளவு பாடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிற உத்தியோகம் எனக்குப் புதிதல்ல. ஊரில் நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் பகுதிக்கு ஒரு மிட்வைஃப் சைக்கிளில் வருவார். வெள்ளைச் சேலை, முன் கூடையில் குடை. குழந்தையை நிறுத்துப் பார்த்து, அட்டையில் குறித்து, பிறகு கேட்காமலே குசினிக்குள் போய்ப் பானை மூடியைத் திறந்து பார்ப்பார். "என்ன, இண்டைக்கும் சோறும் சம்பலும்தானோ? பால் குடுக்கிறவளுக்குக் கீரை எங்கை?" என்று ஏசுவார். என் அம்மா ஏச்சை வாங்கிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். அந்த மனுசியைக் கண்டு யாரும் கதவைச் சாத்தியதை நான் காணவில்லை.

3

சசியும் கணவன் யோகனும் முல்லைத்தீவுப் பக்கம். பிரான்சுக்கு வந்து ஒரு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். விசா வழக்கு முடியவில்லை. மூத்தவள் அபிக்கு ஆறு வயது முடிந்திருந்தது. மற்றது தவழ்கிற ஆண்குழந்தை. பாரிஸின் புறநகரான லா கூர்னெவ்வில், வீடில்லாத குடும்பங்களைத் தங்கவைக்கும் ஒரு ஹொட்டலில் இவர்களுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஹொட்டல் என்றதும் ஊரில் வேறு மாதிரி நினைப்பார்கள். ஒரு பெரிய கட்டில், ஒரு சின்னக் கட்டில், ஒரு அலுமாரி. அவற்றுக்கிடையில் ஒரு பாய் விரிக்கலாம். அவ்வளவுதான் இடம்.

முதல்தடவை போனபோது சசி என்னைக் கட்டிலின் நுனியில் இருத்திவிட்டு, மரியானை எங்கே இருத்துவதென்று தெரியாமல் நின்றாள். மரியான் தரையில் அமர்ந்து நீண்ட கால்களை மடித்துக்கொண்டார். அபி அதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள். கெட்டிக்காரி. ஹொட்டல் வரவேற்பில், மருந்துக் கடையில், பஸ்ஸில், எங்கும் அம்மாவின் வாய் அவள்தான். பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய பிரெஞ்சை வைத்துக்கொண்டு குடும்பத்தையே நடத்தினாள்.

கேள்விகள் முடிந்து நாங்கள் எழும்பும்போது சசி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, எதிர் அறையிலை ஆபிரிக்கப் பொம்பிளை ஒராள் இருக்கிறா. அவவிட்டை ஒவ்வொரு செவ்வாயும் ஒரு மேடம் வாறா. பிள்ளைக்குப் புத்தகம் எல்லாம் கொண்டுவந்து வாசிக்கிறா. எங்களிட்டை ஏன் வாறேல்லை? நாங்கள் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டமோ?"

குலுக்கல் பற்றிச் சொன்னேன். உங்களில் பிழையில்லை, ஆய்வுக்கு இரண்டு பக்கமும் தேவை, யாருக்கு எது என்பதை ஒருவரும் தெரிவு செய்வதில்லை என்றேன். சொல்லச் சொல்ல என் தமிழே எனக்கு வறண்டதாகக் கேட்டது.

"ஓ, சீட்டு விழேல்லையோ" என்றாள் சசி. "பரவாயில்லை. ஊரிலை அகதிக் காம்பிலை நிவாரணச் சாமானுக்கு நிக்கேக்கையும் இப்பிடித்தான். முடிஞ்சுது எண்டால் முடிஞ்சுதுதான்."

படியிறங்கும்போது அவள் சொன்னதை மரியானுக்கு மொழிபெயர்த்தேன். தெருவுக்கு வந்ததும், "இந்த வேலையில் எனக்கு மிகவும் கஷ்டமான இடம் இது. கஷ்டமாக இல்லையென்று சொல்கிற ஆய்வாளரை நம்பாதே" என்றார்.

4

அடுத்ததடவை போகும் நாளுக்கு முன்பே சசி எனக்கு அழைத்தாள். "அக்கா, பள்ளிக்கூடத்தாலை எழுதிப்போட்டினம். பொபினியிலை இருக்கிற பிள்ளையள் பாதுகாப்பு ஒஃபிசுக்கு வரட்டாம். பிள்ளையளை எடுக்கப் போகினமோ?"

நானும் மரியானும் மறுநாள் போனோம். அறையில் யோகனும் இருந்தான். அவன் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சில நாட்களில் கோப்பை கழுவுகிறவன். அன்று வேலைக்குப் போகவில்லை. அபி சின்னக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். முன்கையில் கட்டுப் போட்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் தாதி காயத்தைக் கண்டு, என்ன நடந்ததென்று அபியிடம் கேட்டிருக்கிறார். அபி சொன்ன பிரெஞ்சு வசனத்தின் பொருள்: 'அம்மா என்னைச் சுட்டவ.' சசியை அழைத்துத் தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டபோது அவளோ, பிள்ளை தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டி ஊற்றிக்கொண்டாள் என்றாள். பிள்ளை ஒன்று சொல்கிறது, தாய் இன்னொன்று சொல்கிறாள். காயமோ தேத்தண்ணி ஊற்றிய காயம்போல இல்லை. பள்ளிக்கூடம் சட்டப்படி பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டது. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அறிவித்திருப்பேன்.

"என்ன நடந்தது சசி?" என்று கேட்டேன்.

அவள் யோகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இஞ்சை அறையிலை சமைக்கேலாது அக்கா. கண்டால் வெளிக்கிடச் சொல்லுவினம். கீழை மைக்ரோவேவ் ஒண்டு இருக்கு, அதுக்கும் வரிசை. பிள்ளை பாண் திண்டு திண்டு வயிறு இறுகிப்போய் அழுகிறாள். இவர் ஒரு சின்னக் கரண்ட் அடுப்பு வாங்கிக்கொண்டு வந்தவர். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவிலை வைச்சு ரொட்டி சுட்டுக்கொண்டு இருந்தனான். ஆரோ கதவிலை தட்டிச்சினம். ஹொட்டல்காரர் பாக்க வந்திட்டினம் எண்டு நினைச்சு, அடுப்பை ரொட்டி சுடுற தட்டோடை தூக்கிக் கட்டிலுக்குக் கீழை தள்ளினன். அபி அங்கை கீழை இருந்து விளையாடினவள். எனக்குத் தெரியாது அக்கா. அவள் கத்தவும் இல்லை. ஆரும் கேட்டிடுவினம் எண்டு வாயைப் பொத்திக்கொண்டவள்."

சொல்லிவிட்டு அபியின் பக்கம் போய் அவளுடைய போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

பிள்ளை தாதியிடம் சொல்ல நினைத்தது எனக்கு அப்போது விளங்கியது. 'அம்மா ரொட்டி சுடேக்கை சுட்டுப்போட்டுது.' தமிழில் ரொட்டியையும் சுடுகிறோம், அடுப்பும் கையைச் சுடுகிறது. பிரெஞ்சில் ரொட்டி சுடுவதற்கு ஒரு சொல், தோலைச் சுடுவதற்கு வேறொரு சொல். அபிக்குத் தோலைச் சுடுகிற சொல்தான் தெரிந்திருந்தது. ரொட்டியைப் பற்றி வெளியே சொல்லக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். ரொட்டி என்ற சொல்லை விழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொன்னால் அம்மாவும் சுட்டதும்தான் மிஞ்சும்.

5

"உண்மையைச் சொன்னால் முடிஞ்சுது" என்றேன்.

"என்னெண்டு முடியும்?" யோகன் முதல்தடவையாக வாய் திறந்தான். "அடுப்பு வைச்சனாங்கள் எண்டால் அறை போகும். அறை போனால் நாலு பேரும் றோட்டிலை. றோட்டிலை நிக்கிற பிள்ளையளை விடுவினமே? அப்பவும் எடுப்பினம்தானே?"

அவன் சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் மரியானுக்கு மொழிபெயர்த்தேன்.

மரியான் சொன்னார்: "ஆய்வில் அவர்கள் சொன்னது இரகசியம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் நான் வெளியே சொல்லலாம். இங்கே இருப்பது ஆபத்தல்ல, ஒரு விபத்தின் உண்மை. அது இவர்களுடையது. சொல்வதா விடுவதா என்று இவர்கள்தான் முடிவெடுக்கவேண்டும். அறைக்கு என்ன நடக்குமென்று எனக்குத் தெரியாது. தெரியுமென்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் இரண்டு வேறு வேறு கதைகளோடு அந்த விசாரணைக்குப் போவது இதைவிட மோசம்."

சசி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"நீங்கள் வருவீங்களோ அக்கா? போனிலை வேண்டாம். ஆரெண்டு தெரியாத ஆளுக்குச் சொல்ல எனக்கு வராது."

மரியானைப் பார்த்தேன். விதி எனக்குத் தெரியும். ஆய்வில் கேள்வி கேட்கிற ஆள் அந்தக் குடும்பத்துக்கு உதவிக்குப் போனால், அதன்பின் அவர்கள் தரும் பதில்களை ஆய்வில் சேர்க்க முடியாது. உதவி கிடைக்காத பாதியில் இருக்கிற குடும்பத்துக்கு நாங்களே உதவி கொடுத்ததாகிவிடும்.

"போ" என்றார் மரியான். "இவர்களை ஆய்விலிருந்து விலக்கிவிடுகிறேன். காரணத்தையும் எழுதுகிறேன். ஒரு குடும்பம் குறைந்தால் ஆய்வு செத்துப்போகாது."

வெளிக்கிடும்போது யோகன் படிவரை வந்தான். "அக்கா, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை" என்றான். "பயத்திலை கதைச்சனான்."

விசாரணை நாளில் சசியோடு போனேன். பொபினியில் அந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு சின்ன அறை. மேசையில் பிள்ளைகளுக்கான பொம்மைகள் இருந்தன. விசாரித்தவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஒரு பெண். கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு சசியின் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், என்னைப் பார்த்தல்ல. அது நல்ல அறிகுறி என்று எனக்குப் பட்டது.

சசி எல்லாவற்றையும் சொன்னாள். அடுப்பைச் சொன்னாள், கட்டிலைச் சொன்னாள், பொய் சொன்னதையும் சொன்னாள். நான் 'சுடுதல்' பற்றி விளக்கினேன். அந்தப் பெண் அந்தச் சொல்லை ஒருதடவை தானும் சொல்லிப் பார்த்தார். பிறகு சசியிடம் தன் கையை நீட்டி, தட்டு எப்படிப் பட்டதென்று காட்டச் சொன்னார். சசி அவருடைய முன்கையின் வெளிப்பக்கத்தில் விரலால் ஒரு வளைவு கீறினாள். மருத்துவர் எழுதியிருந்ததும் அதுதான்: தட்டின் விளிம்புபோல வளைந்த, ஒரே ஒரு காயம்.

"ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டார்.

"சொன்னால் அறை போயிடும் எண்டு பயம்."

"என்ன சமைத்தாய்?"

"ரொட்டி. தேங்காய்ப்பூப் போட்டு. அவளுக்கு அதுதான் விருப்பம்."

அந்தப் பெண் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு சில வரிகள் எழுதினார். "இந்தத் தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியும். சமைக்க ஓர் இடம்தான் இல்லை. நான் அப்படித்தான் எழுதப் போகிறேன். அறையைப் பற்றி வாக்குக் கொடுக்க என்னால் முடியாது, முயற்சி செய்வேன் என்று மட்டும் சொல்" என்றார்.

நான் சொன்னேன். சசி தலையாட்டினாள். வெளியே வந்து, ட்ராம் தரிப்பில் நின்றபடி, பையிலிருந்து குழந்தைக்குக் கொண்டுவந்த பிஸ்கட்டை எடுத்து எனக்கும் ஒன்று தந்தாள்.

6

பிள்ளைகளை எடுக்கவில்லை. கோப்பு மூடப்பட்டதென்று கடிதம் வந்தது. அறையோ போய்விட்டது. ஆனால் யோகன் பயந்ததுபோல றோட்டுக்கு வரவில்லை. நகரத்துக்கு வெளியே, ஆர்.இ.ஆர் என்ற புறநகர் ரயிலில் நெடுந்தூரம் போய் இறங்கவேண்டிய இடத்தில், குடும்பங்களுக்கான ஒரு விடுதியில் அறை கிடைத்தது. பொதுக் குசினி ஒன்று உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அடுப்பு, பூட்டுப் போட்ட ஓர் அலுமாரித் தட்டு. யோகனுக்கு லா சப்பல் தூரமாகிவிட்டது. கடை முதலாளி அவனை மத்தியான வேலைக்கு மாற்றினார். அபிக்குப் பள்ளிக்கூடம் மாறியது.

இத்தோடு கதை நன்றாக முடிந்துவிட்டதென்றுதான் நினைத்தேன். சசியின் தொலைபேசி வந்தது.

"அக்கா, இவள் வெளியிலை வாயே திறக்கிறாள் இல்லை. வீட்டிலை தமிழ் கதைக்கிறாள். வாசலைத் தாண்டினால் ஊமை. புதுப் பள்ளிக்கூடத்திலை இவளுக்குப் பிரெஞ்சே தெரியாது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கினம். கடையிலை 'கேள் அம்மா' எண்டால் என்ரை சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்."

ஆய்வில் பிள்ளையின் நிறை, தூக்கம், பள்ளிக்கூட வரவு என்று பலதையும் கேட்கிறோம். ஒரு பிள்ளை தன் வாயைக் கண்டே பயப்படுவதைப் பற்றி ஒரு கேள்வியும் இருக்கவில்லை.

அன்று வீட்டில், பெயர் ஊர் ஒன்றும் சொல்லாமல், "இப்பிடி ஒரு பிள்ளை" என்று மதுராவிடம் சொன்னேன். மதுராவுக்குப் பத்தொன்பது வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அது வழமையாகிப் பல வருடங்களாயிற்று. கோபித்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே பிரெஞ்சில் சொன்னாள்: "அவளுக்குத் தெரியும் அம்மா, தன்னுடைய ஒரு வசனத்தால்தான் எல்லாம் நடந்ததென்று. நான் அப்பாவுக்கு மொழிபெயர்க்கப் பிரெபெக்தூருக்கு, அந்த விசா அலுவலகத்துக்குப் போன நாட்களில் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று வயிறு வலிக்கும். எனக்கு நல்லகாலம், ஒரு பிழையும் நடக்கவில்லை."

அந்த வயிற்றுவலி எனக்கு நினைவிருந்தது. ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

சசியிடம் கேட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுராவையும் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மழை. நிலையத்திலிருந்து விடுதிவரை நடந்ததில் இருவரும் தெப்பமாக நனைந்துவிட்டோம். சசி துவாயோடு ஓடிவந்தாள். அபி தாயின் பின்னால் ஒளிந்து நின்றாள். மதுரா அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, என் வாழ்நாளில் நான் கேட்டிராத பிரயத்தனத்தோடு, தமிழில் சொன்னாள்:

"பாருங்கோ, நான் நல்லா நனைச்சுப்போட்டன்."

அபி அவளைக் கூர்ந்து பார்த்தாள். "ஆரை நனைச்சனீங்கள்?"

"என்னை. மழையிலை. நனைச்சுப்போட்டன்."

"நனைஞ்சுபோனன் எண்டு சொல்லோணும்" என்றாள் அபி.

"நனைஞ்... நனைஞ்சு... பொறுங்கோ, திரும்பச் சொல்லித் தாங்கோ."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு தாய்மாரும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. குசினிக்கு வெளியே படிக்கட்டில் இருவரும் நெடுநேரம் இருந்தார்கள். மதுராவின் தமிழ் விழுந்து விழுந்து எழும்பியது. ஒவ்வொரு விழுகைக்கும் அபி சிரித்தாள். சில பிழைகளை மதுரா வேண்டுமென்றே விட்டாளா என்று நான் கேட்கவில்லை. பெரும்பாலானவை உண்மையான பிழைகள் என்பது எனக்குத் தெரியும்.

அபி அன்று ஒரு பிரெஞ்சுச் சொல்கூடப் பேசவில்லை. திரும்பி வரும் ரயிலில் மதுரா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறும் போவம்" என்றாள். தமிழில்தான் சொன்னாள். நான் ஒன்றும் கவனிக்காதவள்போல இருந்தேன். கவனித்தேனென்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள்.

7

அப்படிப் பல ஞாயிறுகள் போனோம். வெளியில் அபி இன்னும் வாய் திறக்கவில்லை என்றுதான் சசி சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு மதுராவுக்குப் பரீட்சை வந்து அவளால் வர முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சசியின் அழைப்பு.

"அக்கா, பள்ளிக்கூடத்தாலை கூப்பிட்டிருக்கினம். என்னத்துக்கு எண்டு தெரியேல்லை. டீச்சர் கொப்பியிலை எழுதி விட்டிருக்கிறா. எனக்கு நேற்றையிலை இருந்து சாப்பாடு இறங்கேல்லை."

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். சசி தன்னிடமிருந்த நல்ல சேர்ட்டைப் போட்டு, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் எனக்கு முன்பே நின்றாள். பொபினிப் படியேறிய நாளில் இருந்த அதே முகம். வகுப்பறையில் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் எங்களை இருத்தினார் ஆசிரியை. இளம் பெண். களைத்துப்போயிருந்தார்.

அவர் பேசத் தொடங்கினார். சசி அவருடைய வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன சொல்லுறா அக்கா?"

"அபி வகுப்பிலை ஓயாமல் கதைக்கிறாளாம்" என்றேன். "பக்கத்திலை இருக்கிற பிள்ளையைப் படிக்க விடுறாளில்லையாம். பாடம் நடக்கேக்கை குறுக்கை குறுக்கை கேள்வி கேக்கிறாளாம். இடம் மாத்தி இருத்தினால் அந்தப் பிள்ளையோடையும் கதையாம். நேற்று டீச்சர் எழுதினதிலை ஒரு எழுத்துப் பிழையாம், அதை எல்லாருக்கும் கேக்கச் சொன்னவளாம். வீட்டிலை சொல்லிக் கண்டிக்கட்டாம்."

சசி அசையாமல் இருந்தாள். கண் நிறைந்து, வழிந்தது. துடைக்கவும் இல்லை.

ஆசிரியை பதறிவிட்டார். "இது அவ்வளவு பெரிய விடயமில்லை. அம்மா பயப்படத் தேவையில்லை என்று சொல்லுங்கள். நான் சொன்னது சரியாக விளங்கியதா?"

"நன்றாக விளங்கியது" என்றேன்.

பிறகொரு நாள் இதை மரியானிடம் சொன்னேன். எது அபியின் வாயைத் திறந்தது, மதுராவா, குசினியா, இந்த ஆசிரியையா என்று கேட்டேன். "ஒரே ஒரு பிள்ளை. ஒப்பிட ஒருவரும் இல்லை. நமக்குத் தெரியாது" என்றார். சொல்லும்போது அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

ஆனால் அன்று, அந்த வகுப்பறையில், சசி அந்தச் சின்னக் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதலிலை இருந்து சொல்லுங்கோ அக்கா" என்றாள். "ஆறுதலாச் சொல்லுங்கோ. ஒண்டையும் விடாமல் சொல்லுங்கோ."